சில்லர் டியூபைச் சுத்தம் செய்யும்போது நடக்கும் தவறுகள்

பெரிய கட்டிடங்களின் ஏசிக்காகத் தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின்தான் சில்லர். அது ஹை பிரஷரில் ட்ரிப் ஆகி நின்ற பிறகுதான், கேஸின் (குளிரூட்டும் வாயுவின்) சூட்டை டியூப் வழியாக ஓடும் தண்ணீருக்குக் கடத்தும் கண்டென்சர் பல இடங்களில் ஞாபகத்துக்கு வருகிறது. மே மாத வெயிலில், ராத்திரியோடு ராத்திரியாக ஆள் வரவழைத்து, ஆசிட் சுற்றவிட்டு, விடிவதற்குள் மெஷினை ஓட்டிவிடுகிறார்கள். டியூபில் படியும் உப்பு செய்யாத சேதத்தை அந்த ஒரு ராத்திரி வேலை செய்துவிடும்.

உப்பு ஒரே நாளில் பிடிப்பதில்லை. லாக் புக் முன்பே காட்டிக்கொடுக்கும். மணிக்கு மணி எல்லா ரீடிங்கும் எழுதுகிறோம், ஆனால் கழித்துப் பார்ப்பதில்லை. கண்டென்சரில் கேஸ் திரவமாகும் வெப்பநிலை 38.5 டிகிரி, வெளியேறும் தண்ணீர் 37 டிகிரி என்றால் வித்தியாசம் ஒன்றரை. இதைத்தான் அப்ரோச் என்கிறோம். டியூப் சுத்தமாக இருந்தால் பெரும்பாலான மெஷின்களில் முழு லோடிலும் ஒன்றிரண்டு டிகிரிக்குள் நிற்கும். அதே லோடில் 4 டிகிரியைத் தொட்டால் சந்தேகப்பட வேண்டும். அரை லோடு ரீடிங்கை முழு லோடு ரீடிங்கோடு ஒப்பிட்டு ஏமாறாதீர்கள். கேஸ் திரவமாகும் அந்த வெப்பநிலை 1 டிகிரி ஏறினாலே கம்ப்ரஸர் தின்னும் மின்சாரம் சுமார் 2, 3 சதவீதம் கூடும். ‘வருஷத்துக்கு ஒரு தடவை’ என்ற வழக்கத்தைவிட எனக்கு இந்தக் கணக்கில்தான் நம்பிக்கை.

அதற்காகப் பிரஷர் ஏறியதுமே உப்பு என்று முடிவு கட்டவும் கூடாது. தண்ணீர் போகும் வெப்பநிலைக்கும் வரும் வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசம் கூடியிருந்தால் ஓட்டம் குறைந்திருக்கிறது; முதலில் குப்பையைப் பிடிக்கும் ஸ்ட்ரெய்னரைத் திறந்து பாருங்கள். சிஸ்டத்தில் காற்று புகுந்திருந்தாலும் அப்ரோச் ஏறும்.

சரி, கவரைக் கழற்றியாயிற்று. டியூப் வாயில் டார்ச் அடித்து, உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். வழுவழுவென்று சேறும் பாசியும் வந்தால் நைலான் பிரஷும் தண்ணீரும் போதும். தண்ணீரை வடித்துவிட்டு ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று கிளம்புவதுதான் தவறு. ஈரச் சேறு காய்ந்தால் இறுகிவிடும். அப்புறம் யாராவது இரும்புக் கம்பி பிரஷை எடுப்பார்கள். அந்தச் செப்பு டியூபின் தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. உள்ளே வெப்பம் கடத்துவதற்காகவே சுருள் சுருளாக வரி போட்டிருப்பார்கள். இரும்புக் கம்பி அந்த வரியைச் சிதைத்துவிடும்.

நகத்தால் சுரண்டினாலும் வராத வெள்ளைப் படிவு என்றால் ஆசிட் வேண்டும். சுண்ணாம்பு உப்பு, சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரைவது குறையும். அதனால்தான் தண்ணீர் சூடாகிற டியூபிலேயே வந்து ஒட்டுகிறது. ஆசிட் இதைக் கரைக்கும். ஆனால் உலோகத்தை அரிக்காமல் காக்கும் இன்ஹிபிட்டர் சேர்க்காவிட்டால் உலோகத்தையும் சேர்த்துத் தின்னும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் அப்படித்தான் ராத்திரி முழுக்கச் சுற்றவிட்டார்கள். காலையில் வடித்த தண்ணீர் மயில்துத்தம் கரைத்த மாதிரி நீலப் பச்சையாக வந்தது. அத்தனையும் நம் டியூபிலிருந்து கரைந்த செம்பு. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

நேரத்தை வைத்து ஆசிட் ஓட்டாதீர்கள். கால் மணிக்கு ஒரு முறை பிஎச் பாருங்கள். உப்பு கரையும்வரை அது ஏறிக்கொண்டே இருக்கும். தேவைக்கு ஆசிட் சேர்த்த பிறகும் ஏறாமல் நின்றுவிட்டால் வேலை முடிந்தது, நிறுத்திவிடுங்கள். பிறகு சலவைச் சோடா கரைத்துச் சுற்றவிட்டு, வெளியே வரும் தண்ணீரின் பிஎச் உள்ளே விடும் தண்ணீரின் பிஎச்சுக்கு வரும்வரை அலசுங்கள். நுரைத்து வரும் வாயு வெளியேற வென்ட் திறந்திருக்கட்டும். கண்டென்சரில் சூடான தண்ணீரை ஆற்றும் கூலிங் டவருக்குக் கிருமி கொல்லப் போடும் ஹைப்போ (ப்ளீச் திரவம்) எதுவும் ஆசிட்டோடு கலக்கவே கூடாது. கலந்தால் குளோரின் வாயு வரும். பிளான்ட் ரூமில் நிற்கும் ஆளின் உயிர் போகலாம்.

டியூபைப் பளபளவென்று துடைத்துவிட்டு டவர் தொட்டியில் சேற்றை அப்படியே விட்டால், அது சில வாரங்களில் மறுபடி டியூபுக்கே வரும். லாரித் தண்ணீர் விலையைப் பார்த்து, உப்பேறிய தண்ணீரை வெளியேற்றும் ப்ளோடவுன் வால்வை மூடி வைக்கிறவர்களும் உண்டு. டவரில் ஆவியாவது தண்ணீர் மட்டும்; உப்பு முழுக்க உள்ளேயே தங்கிச் செறிந்துகொண்டே போகும். டவரைக் கழுவுகிறவருக்கு நல்ல மாஸ்க் கொடுங்கள். இது போன்ற தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும். தெறிக்கும் துளியை மூச்சோடு இழுத்தாலே நுரையீரல் காய்ச்சல் வரலாம்.

கட்டிடத்துக்குப் போகும் தண்ணீரைக் குளிர்விக்கும் எவாப்பரேட்டர் பக்கம் மூடிய சுற்று என்பதால் அடிக்கடி திறக்கத் தேவையில்லை. ஆனால் டியூபில் தண்ணீர் நிற்கும்போது பம்ப்பை நிறுத்திவிட்டு மெஷினிலிருந்து கேஸை வெளியே எடுத்தால், தண்ணீர் உறைந்து டியூபை வெடிக்க வைத்துவிடும்.

சுத்தம் முடிந்து முழு லோடில் ஓட்டிய முதல் நாளிலேயே அப்ரோச்சை லாக் புக்கின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வையுங்கள். அடுத்த ஷிப்டில் வருகிறவர் எதோடு ஒப்பிடுவது என்று தேட வேண்டியிருக்காது.