பழைய படங்களை டிஸ்க்குல தேடறவங்க திரும்பத் திரும்ப பண்ற தப்புகள்

போன வாரம் ஒரு தம்பி போன் பண்ணான். டிஸ்க் சேர்க்க ஆரம்பிச்சு ஒரு வருஷம்கூட ஆகலை. "அண்ணே, அந்தப் படம் 4கேல வரப்போகுதாம், அதான் கைல இருந்த டிவிடி, ப்ளூ-ரே ரெண்டையும் நேத்தே தள்ளி விட்டுட்டேன், அலமாரில இடமாவது மிச்சமாகும்ல"ன்னு சந்தோஷமா சொல்றான். எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது. இதே தப்பை இதே சந்தோஷத்தோட நானும் பண்ணியிருக்கேன், அதோட வலி இன்னும் போகலை. அவன்கிட்ட போன்ல அரை மணி நேரம் சொன்னதைத்தான் இங்க எழுதறேன்.

ரீஜன் கோட் (எந்த ஊர் ப்ளேயர்ல டிஸ்க் ஓடும்னு சொல்ற குறி) பாருங்க, டூப்ளிகேட் வாங்காதீங்க, கீறல் இருக்கான்னு பாருங்க, இதெல்லாம் எல்லாரும் சொல்லியாச்சு. நான் திரும்பச் சொல்லப் போறதில்லை.

லோகோவைப் பாத்து கேக்கறது

ஒரு பழைய படம் டிஸ்க்கா வரணும்னு ஆசைப்படறோம், படம் ஆரம்பிக்கும்போது எந்த கம்பெனி லோகோ வருதோ அவங்களுக்கே மெயில் போடறோம். நானும் சிங்கம் கர்ஜிக்கற 1940கள் படம் ஒண்ணுக்காக ரெண்டு வருஷம் எம்ஜிஎம்முக்கு எழுதிட்டு இருந்தேன். தப்பு என்னோடதுதான், ஏன்னா அந்தப் படம் அவங்ககிட்டயே இல்லை. 1986ல டெட் டர்னர் அந்த ஸ்டூடியோவை வாங்கி கொஞ்ச மாசத்துலயே திரும்ப வித்தப்ப, அதுவரைக்கும் எடுத்த படங்களோட லைப்ரரியை மட்டும் கைல வெச்சுக்கிட்டார், அப்புறம் 1996ல அவரோட கம்பெனி டைம் வார்னரோட சேர்ந்ததும் அந்த மொத்தப் படங்களும் வார்னர் பக்கம் போயிடுச்சு. பாரமவுண்ட் கதையும் இப்படித்தான், மலை லோகோவோட வர்ற 1950க்கு முந்தின பேசும் படங்கள்ல பெரும்பாலானதை 1958ல எம்சிஏங்கற கம்பெனி வாங்குச்சு, பின்னாடி யூனிவர்சலும் அவங்க கைக்கு வந்துச்சு, அதெல்லாம் இன்னிக்கு யூனிவர்சல்கிட்ட இருக்கு. அதனால மெயில் போடறதுக்கு முன்னாடி உரிமை இன்னிக்கு யார்கிட்ட இருக்குன்னு ஒரு மணி நேரம் செலவு பண்ணித் தேடுங்க.

படத்தோட உரிமை இருந்தா மட்டும் போதாதுங்கறதும் தெரிஞ்சிருக்கணும். சார்லஸ் பர்னெட் யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்துல மாணவரா இருந்தப்ப எடுத்த 'கில்லர் ஆஃப் ஷீப்' 1970கள் கடைசிலயே முடிஞ்ச படம், ஆனா அதுல வர்ற பாட்டுகளுக்கு உரிமை வாங்காததால முறையான ரிலீஸ் 2007லதான் நடந்துச்சு. 'ஏன்டா இவ்வளவு சோம்பேறியா இருக்கீங்க'ன்னு கம்பெனிக்காரங்களைத் திட்டறவங்க இதை ஒரு தடவை நினைச்சுப் பாக்கணும்.

இல்லாத படத்தைக் கேக்கறது

'இன்னும் வெளிவரலை' வேற, 'படமே இல்லை' வேற. 'லண்டன் ஆஃப்டர் மிட்நைட்' 1927ல வந்த மௌனப் படம், கடைசியா இருந்ததா தெரிஞ்ச பிரதி 1965ல ஸ்டூடியோ கிடங்குல நடந்த தீ விபத்துல போயிடுச்சு. இதை ரீஸ்டோர் பண்ணுங்க, அதாவது பழுது பாத்துப் புதுப்பிங்கன்னு கேட்டா எங்கேருந்து பண்ணுவாங்க? ஆசைப்படறதை மட்டும் விட்டுடாதீங்க, 1927ல வந்த 'மெட்ரோபோலிஸ்' படத்துல காணாமப்போன சுமார் 25 நிமிஷம் 2008ல ப்யூனஸ் ஐரிஸ்ல ஒரு 16 எம்எம் பிரதில கிடைச்சுது, எண்பது வருஷத்துக்கு அப்புறம்.

படம் புள்ளி புள்ளியா இருக்குன்னு புகார் சொல்றது

இந்தப் புகாரோட பலனை நாம எல்லாருமே அனுபவிச்சாச்சு. அந்தப் புள்ளிகள் ஃபிலிமோட கிரெயின், படம் அதுலதான் இருக்கு. பிம்பமே அந்தத் துகள்களால ஆனது, அதைத் துடைச்சா முகத்துல இருக்கற சுருக்கமும் துணியோட நெசவும் சேர்ந்து போகும். 'பேட்டன்' 65 எம்எம்ல எடுத்த படம், அவ்வளவு பெரிய நெகட்டிவ், அவ்வளவு விவரம் அதுல இருக்கு, ஆனா 2008ல வந்த ப்ளூ-ரேல கிரெயினைத் துடைச்சதுல நடிகர் முகமெல்லாம் மெழுகு பொம்மை மாதிரி ஆயிடுச்சு. ரசிகர்கள் விடாம கத்தினதுக்கு அப்புறம் 2012ல புது மாஸ்டர்ல (டிஸ்க் போடறதுக்கான மூலப் பிரதி) திரும்ப வந்துச்சு. கத்தணும்னா இதுக்குக் கத்துங்க.

ரெண்டு பக்கமும் கறுப்பா இருக்கே?

அப்படித்தான் இருக்கணும், பழைய படம் இன்னிக்கு டிவி அளவுக்கு அகலம் கிடையாது.

4 நிமிஷத்தை வெட்டிட்டாங்க!

வெட்டலை. பால் (PAL) முறைல, அதாவது ஐரோப்பா, இந்தியா மாதிரி இடங்களோட டிவி முறைல வந்த டிவிடில, செகண்டுக்கு 24 ஃப்ரேம் ஓட வேண்டிய படம் 25 ஓடும். 100 நிமிஷப் படம் 96 நிமிஷத்துல முடியும், குரலும் லேசா கீச்சுன்னு ஏறும். அட்டைல போட்டிருக்கற நேரத்தைப் பாத்து முடிவு பண்றதுக்கு முன்னாடி 4 சதவீதக் கணக்கைப் போட்டுப் பாருங்க, அதையும் தாண்டி குறைஞ்சா அப்புறம் சந்தேகப்படுங்க.

புதுசு வந்துடுச்சுன்னு பழசை விக்கறது

இதுதான் அந்தத் தம்பி பண்ணது. நான் பண்ணது. இன்னும் யாராவது பண்றதைப் பாத்தா எனக்கு எரிச்சல் அடங்க மாட்டேங்குது.

என் கதையை மொதல்ல சொல்லிடறேன். 'ஸ்டார் வார்ஸ்' முதல் மூணு படங்களும் 2006ல ரெண்டு ரெண்டு டிஸ்க்கா டிவிடில வந்துச்சு. ஒரு டிஸ்க்குல பின்னாடி மாத்தின வடிவம், போனஸ் டிஸ்க்குல அந்தந்த படம் முதல்ல தியேட்டர்ல ஓடின வடிவம். அந்த போனஸ் டிஸ்க் தரத்துல சுமார்தான், 1993ல லேசர்டிஸ்க்குக்கு (டிவிடிக்கு முன்னாடி இருந்த பெரிய டிஸ்க்) பண்ண மாஸ்டர்லேருந்து எடுத்தது, அகலத் திரை டிவிலயும் நாலு பக்கமும் கறுப்புக் கட்டத்துக்கு நடுவுல சின்னதாத்தான் தெரியும். அதனால எனக்கு அது மேல ஒரு இளக்காரம். 2011ல ப்ளூ-ரே பெட்டி வந்தப்ப, 'இனிமே இது எதுக்கு'ன்னு மூணு டிவிடியையும் அள்ளிக் குடுத்துட்டேன், காசுகூட வாங்கலை.

அன்னிக்கு ராத்திரி ப்ளூ-ரேவைப் போட்டேன். 1997ல ஆரம்பிச்ச மாத்தம் எல்லாம் அப்படியே இருக்கு, அதுக்கு மேல மூணாவது படத்துல வில்லன் டார்த் வேடர் ஒரு வார்த்தையும் பேசாம நிக்கற உச்சக் கட்டத்துல புதுசா ஒரு அலறலைச் சேர்த்திருக்காங்க. சின்ன வயசுலேருந்து அந்த மௌனத்தைப் பாத்து வளர்ந்தவன் நான். சரி, பழைய வடிவத்தைப் போட்டுப் பாக்கலாம்னு எழுந்து அலமாரிகிட்ட போனப்பதான் அது என்கிட்ட இல்லைங்கறதே உறைச்சுது. தியேட்டர் வடிவம் அதுக்கு அப்புறம் எந்த டிஸ்க்குலயும் அதிகாரபூர்வமா வரவே இல்லை, நான் இளக்காரமா குடுத்துட்ட அந்த சுமாரான டிஸ்க்தான் கடைசி. திரும்பத் தேடி வாங்க எனக்கு மூணு வருஷம் ஆச்சு, வாங்கின விலை அன்னிக்கு ப்ளூ-ரே பெட்டிக்குக் குடுத்ததைவிட அதிகம்.

இந்த ஒரு படத்தோட விசேஷம்னு நினைக்காதீங்க. 'தி பிரெஞ்ச் கனெக்‌ஷன்' 2009ல ப்ளூ-ரேல வந்தப்ப இயக்குநர் வில்லியம் ஃப்ரீட்கினே நிறங்களை அடியோட மாத்திட்டார், வெளிறிப்போய் நிறம் கசிஞ்ச மாதிரி ஒரு தோற்றம். படத்துக்கு ஒளிப்பதிவு பண்ண ஓவன் ராய்ஸ்மன் இதுல எனக்குச் சம்பந்தமே இல்லைன்னு வெளிப்படையா எதிர்ப்பு தெரிவிச்சார். 2012ல நிறத்தைச் சரி பண்ணி மறுபடி விட்டாங்க, ஆனா நடுவுல அந்த மூணு வருஷம் படம் 1971ல எப்படி இருந்துச்சுன்னு பாக்கணும்னா பழைய டிவிடிதான் கதி. அதாவது இயக்குநர் ஒப்புதல் குடுத்தார்னு அட்டைல போட்டிருந்தாலும் அது உத்தரவாதம் ஆகாது, நாப்பது வருஷம் கழிச்சு அவரோட ரசனை மாறியிருக்கலாம்.

சத்தம் இன்னும் மோசம், ஏன்னா அதை யாரும் கவனிக்கறதில்லை. பழைய படங்கள்ல நிறைய மோனோ, எல்லாச் சத்தமும் ஒரே ட்ராக்ல. டிஸ்க்கா வரும்போது சுத்தி ஆறு ஸ்பீக்கர்ல கேக்கற 5.1ஆ மாத்தறாங்க, அப்படி மாத்தும்போது துப்பாக்கிச் சத்தம், காலடிச் சத்தம்னு புதுசா போட்டு நிரப்பறாங்க. 1984ல வந்த 'தி டெர்மினேட்டர்' ப்ளூ-ரேல ரொம்ப வருஷத்துக்கு ஒரிஜினல் மோனோவே கிடையாது, துப்பாக்கி வெடிக்கற சத்தம்கூட வேற. பழைய டிவிடியை வெச்சிருந்தவங்ககிட்ட இருந்துச்சு. 'வெர்டிகோ'வை 1996ல ரீஸ்டோர் பண்ணப்பவும் அந்த மாதிரி சத்தங்களைப் புதுசாப் பதிவு பண்ணாங்க, பெரிய மனசோட செஞ்ச வேலைதான், ஆனாலும் 1958ல கேட்ட சத்தம் அது இல்லை.

அப்புறம் கமென்டரி, படம் ஓட ஓட அதை எடுத்தவங்க பேசற தனி ட்ராக். படம் ஒரு கம்பெனிலேருந்து இன்னொரு கம்பெனிக்குப் போகும், கமென்டரி கூடப் போகாது, அது பதிவு பண்ணவங்களோட சொத்து. 1991ல கிரைட்டீரியன்ங்கற டிஸ்க் கம்பெனி முதல் மூணு ஜேம்ஸ் பாண்ட் படத்துக்கு லேசர்டிஸ்க்குல போட்ட கமென்டரி, படத் தரப்பு ஆட்சேபிச்சதால திரும்ப வாங்கப்பட்டு, அதுக்கப்புறம் டிவிடிலயும் வரலை ப்ளூ-ரேலயும் வரலை. பேசினவங்கள்ல பல பேர் இப்ப உயிரோட இல்லை. அதை மறுபடி பதிவு பண்ண முடியுமா சொல்லுங்க.

அதனால நான் இப்ப பண்றது இதுதான். புது டிஸ்க் கைக்கு வந்ததும் பழசையும் புதுசையும் பக்கத்துல வெச்சு ஓடற நேரம், ஒரிஜினல் ஆடியோ ட்ராக், திரை அளவு, நிறம், கமென்டரி, கூடுதல் வீடியோக்கள், சப்டைட்டில் எல்லாத்தையும் ஒண்ணொண்ணா பாக்கறேன், நிறத்துக்கு மட்டும் ரெண்டு மூணு காட்சியை மாத்தி மாத்தி ஓட்டுவேன். எல்லாமே புதுசுல இருக்கு, அதைவிட நல்லா இருக்குன்னு தெரிஞ்சா மட்டும் பழசு கை மாறும். ஒண்ணு குறைஞ்சாலும் பழசு அலமாரிலயே இருக்கும். டப்பாவைத் தூக்கிப் போட்டுட்டு மெல்லிசு உறைல டிஸ்க்கை மட்டும் அட்டையோட வெச்சா நூறு டிஸ்க் ஒரு ஷூ பெட்டில அடங்கிடும், இடம் இல்லைங்கற காரணமே நிக்காது. இன்னொரு விஷயம், ரிலீஸ் அறிவிப்பு வந்த அன்னிக்கே விக்கவே விக்காதீங்க. தேதி தள்ளிப் போகும், சில சமயம் ரிலீஸே கேன்சல் ஆகும், அந்தத் தம்பிகிட்ட இப்ப பழசும் இல்லை புதுசும் இல்லை.

இன்னும் நல்ல எடிஷன் வரட்டும்

வரலாம், வராமலும் போகலாம். ட்வைலைட் டைம்னு ஒரு சின்ன லேபிள் (டிஸ்க் வெளியிடற கம்பெனி) இருந்துச்சு, 2011லேருந்து பெரிய ஸ்டூடியோக்கள் கண்டுக்காத படங்களை லைசன்ஸ் வாங்கி, பெரும்பாலும் ஒரு படத்துக்கு 3,000 காப்பிதான் போட்டாங்க. 'பாத்துக்கலாம்'னு இருந்தவங்க காப்பி தீர்ந்ததும் பல மடங்கு குடுத்து வாங்கினாங்க. 2020ல லேபிளையே மூடிட்டாங்க. லைசன்ஸ் எடுத்து வெளியிடற எல்லா சின்ன லேபிளுக்கும் இதே நிலைமைதான், ஒப்பந்தக் காலம் முடிஞ்சா மறு பதிப்பு போட முடியாது. பெரிய ஸ்டூடியோவோட சொந்தப் படத்துக்குக் காத்திருக்கலாம், லைசன்ஸ் படத்துக்குக் காத்திருக்காதீங்க.

உரிமை போன படங்களைக் கண்ணை மூடிட்டு வாங்கறது

1968ல 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' ரிலீஸ் ஆகற சமயத்துல படத்தோட பேரை மாத்தினாங்க, அப்ப டைட்டில்ல இருந்த காப்புரிமை வரியும் சேர்ந்து போயிடுச்சு. அந்தக் காலத்து அமெரிக்கச் சட்டப்படி அந்த வரி இல்லைன்னா உரிமையே இல்லை. விளைவு, யார் கைல எந்தத் தேய்ஞ்ச பிரதி கிடைச்சாலும் டிஸ்க் போட்டு வித்தாங்க. ஒரிஜினல் நெகட்டிவ்லேருந்து முறையா பண்ண 4கே ரீஸ்டோரேஷன் 2016ல வந்து, 2018ல கிரைட்டீரியன் டிஸ்க்கா வந்தப்பதான் அந்தப் படத்தோட ஒளிப்பதிவு இவ்வளவு தெளிவானதுன்னு எனக்கே தெரிஞ்சுது. அதுக்கு முன்னாடி மூணு டிஸ்க் வாங்கியிருந்தேன், மூணுமே கலங்கல். அட்டை எவ்வளவு பளபளன்னு இருந்தாலும் எந்த மூலத்துலேருந்து எடுத்ததுன்னு எழுதலைன்னா கீழ வெச்சுடுங்க.

ஸ்ட்ரீமிங்லதான் இருக்கே

இன்னிக்கு இருக்கு.

வாங்கிப் பிரிக்காம அடுக்கறது

டிஸ்க்குக்கும் ஆயுசு உண்டு, சிலதுல தயாரிப்புலயே குறை இருக்கும், உள்ள இருக்கற உலோகப் பூச்சு கெட்டுப் போகும், அடுக்கு ஒட்டினது பிரியும். வெளிப் பார்வைக்கு எதுவும் தெரியாது. ரெண்டு அடுக்கு டிஸ்க்குல பெரும்பாலும் படத்தோட பிற்பாதிலதான் நிக்கும், அதனால முதல் பத்து நிமிஷம் ஓட்டிப் பாத்துட்டு 'நல்லா இருக்கு'ன்னு எடுத்து வெக்கறதுல பிரயோஜனம் இல்லை. மாத்திக் குடுக்கற கெடு முடியறதுக்குள்ள கடைசி வரைக்கும் ஓட்டுங்க. எட்டு வருஷம் பிரிக்காம வெச்சிருந்த ஒரு பெட்டியைப் பிரிச்சப்ப அஞ்சு டிஸ்க்குல ரெண்டு ஓடலை, அதுக்குள்ள அந்த எடிஷனே சந்தைல இல்லை.

ஆசைப்பட்ட லிஸ்டை எழுதிட்டு மறந்துடறது

'தி ஆஃப்ரிக்கன் க்வீன்' அமெரிக்காவுல டிவிடியா வர 2010 ஆச்சு. ஆஸ்கர் குடுக்க ஆரம்பிச்ச முதல் வருஷமே அதை வாங்கின 'விங்ஸ்' வர 2012. டிவிடி 1997ல அங்க அறிமுகமானதை வெச்சுப் பாத்தா எத்தனை வருஷம்னு பாருங்க. நான் ரெண்டையும் லிஸ்ட்ல எழுதி வெச்சிருந்தேன், சலிச்சுப் போய் பாக்கறதையே விட்டுட்டேன், 'விங்ஸ்' வந்த விஷயம் எனக்கு ஒரு வருஷம் கழிச்சுத்தான் தெரியும். இப்ப மாசத்துக்கு ஒரு நாள் உக்காந்து லிஸ்ட்ல ஒவ்வொரு பேரையும் போட்டுத் தேடறேன். பதினோரு படம் பாக்கி. முதல் வரில இருக்கறது 'ஸ்டார் வார்ஸ்' படத்தோட அந்த 1977 வடிவம், நல்ல தரத்துல, அலறல் இல்லாத மூணாவது படத்தோட சேர்த்து.