ஐஸ் பெட்டிக்குள் வெடெல் சீல்: விஞ்ஞானக் கண்காட்சிக்கு ஒரு பரிசோதனை

வெடெல் சீல் என்ற கடல்வாழ் பாலூட்டி நீந்தும் அந்தாட்டிக்கக் கடல் −1.9 பாகை செல்சியஸ் வரை குளிரும். சீலின் உடம்போ ஏறத்தாழ 37 பாகை. மட்டக்களப்பு வெயிலில் வளரும் பிள்ளைக்கு இந்த வித்தியாசத்தைப் படம் காட்டி விளக்க முடியாது, அளந்து காட்டவேண்டும்.

கல்லடிக் கடற்கரையில் 2 லீற்றர் தண்ணீர் அள்ளி இரவு முழுக்கப் பிரிஜ்ஜில் வையுங்கள். வாவித் தண்ணீர் வேண்டாம், மழை பெய்தால் உப்புக் குறைந்துவிடும். குழாய்த் தண்ணீரென்றால் லீற்றருக்கு 35 கிராம் உப்பு. காலையில் அதை ரெஜிபோம் பெட்டியில் ஊற்றி, மீனுக்குப் போடும் நொறுக்கிய ஐஸ் 2 கிலோ சேருங்கள். ஐஸ் உருக உப்புக் கரைசல் ஐதாகிக் குளிர் குறையும்; அப்போது கொஞ்சம் உப்புப் போடலாம். அள்ளிக் கொட்டினால் −10 பாகைக்கும் கீழே போய்த் தோலைப் புண்ணாக்கிவிடும். பிள்ளைகள் கை விட்டுப் பார்த்தால் 10 செக்கன் போதும்.

100 மில்லிலீற்றர் பாணி மருந்துப் போத்தல் இரண்டில் 37 பாகை வெந்நீர் நிரப்புங்கள். ஒன்றைப் பொலித்தீன் உறையிலிட்டு, அதைப் பெரிய உறைக்குள் வைத்து, இடையில் 450 கிராம் மாஜரின் அடையுங்கள்; சீலின் உடம்புச் சூட்டைக் காக்கும் கொழுப்புப் படைக்குப் பதிலாகத்தான் இது. அடியிலும் சுற்றிலும் 2 சென்ரிமீற்றர் கனம் இருக்கவேண்டும். அடியில் மெலிந்தால் பரிசோதனை அங்கேதான் கெடும். மற்றப் போத்தலுக்கும் இரண்டு உறைதான், மாஜரின் இல்லை. அதிலுள்ள காற்றை முழுதாகப் பிதுக்கி எடுங்கள், காற்றும் குளிரைத் தடுக்கும். தேங்காய் எண்ணெய் சரிவராது: இங்கத்தைய சூட்டில் ஓடும், ஐஸில் உறையும்போது வெப்பத்தை வெளிவிட்டு அளவைக் குழப்பும்.

கழுத்துவரை அமிழ்த்துங்கள். மாஜரின் போத்தல் மிதக்கும், குச்சி வைத்துக் கட்டவேண்டும். 2 நிமிடத்துக்கொருமுறை, 10 நிமிடம் இரண்டு போத்தலின் வெப்பநிலையையும் வாசியுங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி 35 பாகைக்குக் கீழே காட்டாது. ஆய்வுகூட வெப்பமானியே வேண்டும்.

குட்டியைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். 25 முதல் 30 கிலோவில் பிறக்கும்போது கொழுப்புப் படை மிகமெல்லியது. மயிருக்குள் சிக்கிய காற்றுத்தான் காப்பு, நனைந்தால் அதுவும் போய்விடும். கொழுப்பு நிறைந்த தாய்ப்பாலில் 6, 7 வாரத்துக்குள் 100 கிலோவை எட்டுகிறது.

பதாகையில் பனிக்கரடி வரையாதீர்கள், அது வடதுருவத்தில். எப்படி மூச்சுவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு பல் படத்தைத் தயாராக வையுங்கள்: பனித்தட்டிலுள்ள மூச்சுத்துளை மூடாதபடி வெடெல் சீல் பல்லால் அராவுகிறது. அந்தப் பல் தேய்ந்துபோனால் அதன் ஆயுளும் குறைகிறது.