நூலுக்குப் பெயர் வைப்பதில் நேரும் தவறுகள்

தலைப்பு என்பது நூலை இன்னும் படிக்காதவருக்கானது. அதை வைப்பவரோ நூலை எழுதி, அடித்து, திருத்தி, பத்து முறை படித்துச் சலித்தவர். பெரும்பாலான தலைப்புகள் இந்த இடைவெளியில்தான் விழுகின்றன. எழுதியவருக்கு அந்த இரண்டு சொற்களில் முந்நூறு பக்கங்களும் கேட்கும். அட்டையை முதன்முதலாகப் பார்ப்பவருக்கு இரண்டு சொற்கள் மட்டும்தான்.

கடைசி அத்தியாயத்தில்தான் விளங்கும் தலைப்பு இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. கதாநாயகியின் பாட்டி ஓரிடத்தில் சொல்லும் ஒரு சொல், முடிவில் வேறு பொருளோடு திரும்பி வருகிறது. அதையே அட்டையில் போட்டுவிடுகிறார்கள். படித்து முடித்தவர் நெகிழ்வார், ஐயமில்லை. ஆனால் கையில் எடுத்தால்தானே படித்து முடிக்க? முன்னால் ஓர் ஆவலும் பின்னால் ஒரு பொருளும் தருகிற தலைப்பு கிடைத்தால் பெரும் பேறு. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் நான் ஆவலைத்தான் தேர்வேன்.

இதைவிடப் பரவலான தவறு, யாருக்கும் சொந்தமில்லாத சொற்களை எடுத்துக்கொள்வது. பயணம், தேடல், சுவடுகள், வேர்கள், நினைவுகள். ‘மௌனத்தின்’ என்று தொடங்கிவிட்டால் போதும், அடுத்து நிறம், நிழல், வாசனை என எது வந்தாலும் உட்கார்ந்துகொள்ளும். உங்கள் தலைப்பைக் கழற்றி நண்பர் ஒருவரின் நூலுக்கு மாட்டிப் பாருங்கள். அங்கும் அளவாகப் பொருந்தினால் அது இன்னும் பெயராகவில்லை. கருத்தைப் பெயராக்க முனையும்போது இப்படி ஆகிறது. பொருளை நாடினால் தப்பிக்கலாம். சிலப்பதிகாரத்தில் அறம், ஊழ், கற்பு என்று பெரிய பெரிய கருத்துகள் இருக்கின்றன. பெயர் வந்ததோ காலில் அணியும் ஒரு சிலம்பினால். வழக்கே அதைச் சுற்றித்தான் நடக்கிறது. உங்கள் கையெழுத்துப் பிரதியிலும் அப்படி ஒரு சிலம்பு எங்காவது கிடக்கும். பென்சிலோடு ஒரு முறை தேடிப் பாருங்கள்.

எல்லாவற்றையும் சொல்லிவிடுவது எதிர்ப்பக்கத்துத் தவறு. 1719இல் வெளிவந்த ‘ராபின்சன் குரூசோ’ என்ற ஆங்கில நாவலின் முழுத் தலைப்பு ஒரு பத்தி நீளம். கப்பல் உடைந்து மற்றவர்கள் எல்லாரும் இறந்தது, இருபத்தெட்டு ஆண்டுகள் தீவில் தனியாக வாழ்ந்தது, கடற்கொள்ளையரால் மீட்கப்பட்டது என்று முடிவுவரை முகப்பிலேயே இருந்தது. அன்று தலைப்புப் பக்கமே விளம்பரமாகவும் இருந்ததால் அது செல்லுபடியானது. இன்று அந்த வேலைக்குப் பின்னட்டை இருக்கிறது.

புனைவல்லாத நூல்களில் கணக்கு வேறு. தேனீ வளர்ப்பைக் கற்றுத்தரும் நூலுக்குப் ‘பொன்துளிகள்’ என்று பெயரிட்டால், தேனீ வளர்க்க விரும்புபவர் அதைத் தேடிக் கண்டடைய வழியே இல்லை. நகை வாங்க நினைப்பவர் ஒருவேளை ஏமாறலாம். கவித்துவத்தை விட மனமில்லையா? துணைத்தலைப்பில் ‘தேனீ’ என்ற சொல்லையாவது சேர்த்துவிடுங்கள்.

தமிழுக்கே உரிய சிக்கல்கள் சில உண்டு. இவற்றை அச்சுக்குப் போகும்வரை யாரும் நினைப்பதில்லை. தலைப்பைக் கண்ணால் படிக்காமல் காதால் கேட்பவர்களும் பலர் என்பதால், ல, ள, ழ வேறுபாட்டில் மட்டும் உயிர்வாழும் சொல்விளையாட்டு தொலைபேசியிலேயே செத்துவிடும். இணையக் கடைகளில் ரோமன் எழுத்தில் தட்டித் தேடுபவருக்குப் பள்ளியும் பல்லியும் ஒன்றுதான். ஒற்று இன்னும் பொல்லாதது. ‘வேலை கொடுத்தான்’ என்றால் பணி. ‘வேலைக் கொடுத்தான்’ என்றால் ஆயுதம். உள்ளே ஒரு பிழை இருந்தால் மன்னிப்பார்கள். அட்டையில் இருந்தால் நூல் மதிப்புரையே அதிலிருந்துதான் தொடங்கும்.

தொடக்கத்தில் வைத்த பெயரைக் கடைசிவரை கட்டிக்கொண்டு அழுவதும் உண்டு. டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ நாவலின் முதல் பகுதிகள் 1865இல் ஓர் இதழில் வந்தபோது அதன் பெயர் ‘1805’. கதை 1812ஐயும் தாண்டி நடந்த பிறகு அந்த எண்ணுக்கு அங்கே என்ன வேலை? எழுதத் தொடங்கிய நூலுக்குப் பொருந்திய பெயர், எழுதி முடித்த நூலுக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை. சிறுகதைத் தொகுப்பில் இதே பிழை வேறு உருவில் வரும். ஆகச் சிறந்த கதையின் பெயரைத் தொகுப்புக்கு வைக்கிறார்கள். ஆகச் சிறந்த பெயர் எட்டாவது கதைக்கு இருக்கிறது.

அதே பெயரில் வேறு நூல் இருக்கிறதா என்று பார்க்காமல் விடுவதை என்னவென்று சொல்ல? தலைப்புகளுக்குப் பொதுவாகப் பதிப்புரிமை கிடையாது, ஆகவே சட்டம் தடுக்காது, வாசகர்தான் குழம்புவார். ஜோசஃப் ஹெல்லரின் ‘கேட்ச்-22’ முதலில் ‘கேட்ச்-18’ஆகத்தான் இருந்தது. அது வெளிவந்த 1961இலேயே லியோன் யூரிஸின் ‘மிலா 18’ வெளிவரவிருந்ததால் எண்ணை மாற்றினார்கள். மாற்றிய எண்ணே பின்னர் ஆங்கிலத்தில் ஒரு வழக்குச் சொல்லாகிவிட்டது.

ஒன்றுமே தோன்றாதவர்கள் நன்னூலைப் புரட்டலாம். முதல்நூல், ஆசிரியர், அளவு, மிகுதி, பொருள், செய்வித்தவர், தன்மை முதலிய காரணங்களாலும், காரணமே இல்லாமல் இடுகுறியாகவும் நூலுக்குப் பெயர் அமையும் என்கிறார் பவணந்தி. அகநானூறு பொருளையும் அளவையும் சேர்த்துப் பெற்ற பெயர். பட்டியலின் ஒவ்வொரு வாசலிலும் ஒரு பெயரை எழுதிப் பார்த்தால் எட்டுப் பெயர்கள் தேறும். செய்வித்தவர் பெயரை மட்டும் தள்ளிவிடலாம். அச்சுக்கூலி கொடுத்த மாமா கோபித்துக்கொண்டால் நன்றியுரை இருக்கிறது.

முடிவு எடுப்பதை, நூலுக்கான தனி அடையாள எண்ணாகிய ஐஎஸ்பிஎன் வாங்குவதற்கு முன்பே செய்துவிடுங்கள். வெளியான பின் தலைப்பை மாற்றினால் புதிய எண் வேண்டும். பழைய பெயரில் வந்த மதிப்புரைகளும் நூலகப் பதிவுகளும் பழைய பெயரிலேயே நின்றுவிடும்.