உப்பு, மணல், இரும்புத்தூள்: கலவையைக் குசினியில் பிரித்துப் பார்ப்போம்

தவணைப் பரீட்சையில் என் மகன் உப்புக்கரைசலைச் 'சேர்வை' என்று எழுதிவிட்டு வந்தான். "கண்ணாடி மாதிரித் தெளிவாத்தானே அப்பா இருக்கு, ரெண்டும் சேர்ந்திட்டுதுதானே?" சேர்வையில் மூலகங்கள் (ஒரேவகை அணுக்களாலான பொருட்கள்) இரசாயனமுறையில் இணைந்து புதுப்பொருளாகும், கலவையில் பொருட்கள் சும்மா கலந்து தங்கள் இயல்போடேயே இருக்கும் என்ற வரைவிலக்கணத்தை மூன்று தரம் சொன்னேன். அவனும் மூன்று தரம் அச்சொட்டாகத் திருப்பிச் சொன்னான். சரிவராது என்று ஞாயிற்றுக்கிழமை குசினிக்குக் கூட்டிப்போனேன்.

இரண்டு மேசைக்கரண்டி மணல், ஒரு மேசைக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி இரும்புத்தூள் போதும். மணலுக்குக் கடற்கரைக்குப் போகாதீர்கள், அதில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. கட்டட வேலை நடக்காத ஒழுங்கை கொழும்பு வெள்ளவத்தையில் ஏது? ஒரு கைப்பிடி கேட்டு வாங்கி, கழுவிக் காயவையுங்கள். இரும்புத்தூளை கிரில் பட்டறையில் சும்மாவே தருவார்கள். அதில் கிரைண்டர் தட்டின் தூசியும் கிடக்கும், காந்தத்தால் ஒருமுறை எடுத்துச் சுத்தமாக்குங்கள். (உண்மையில் அது உருக்கு, கொஞ்சம் காபன் சேர்ந்த கலப்புலோகம். இன்றைக்கு மூலகம் என்று வைத்துக்கொள்வோம் என்று மகனிடம் முதலே சொல்லிவிட்டேன்.) காந்தம் என்றால் பழைய ஸ்பீக்கரில் கழற்றியதுதான். பிரிட்ஜில் ஒட்டும் பொம்மைக் காந்தத்தை நம்பி இறங்கினால் பொழுது போய்விடும்.

படி 1: காந்தம். எல்லாவற்றையும் உலர்ந்த பீங்கானில் கலந்து பரப்புங்கள். காந்தத்தைப் பொலித்தீன் பைக்குள் போட்டுத்தான் கிட்டக் கொண்டுபோக வேண்டும். நான் வெறுங்காந்தத்தை வைத்துவிட்டு, முள்ளம்பன்றி மாதிரிச் சிலிர்த்து நின்ற தூளைப் பல் விளக்கும் பிரஷால் அரைமணி நேரம் உரசினேன். பை இருந்தால் அதை மறுபுறம் புரட்டிக் காந்தத்தை வெளியே எடுக்க, தூள் தானாகப் பைக்குள் விழும்.

இந்தப் படியைத் தள்ளிப்போடாதீர்கள். முதல் தடவை நாங்கள் அவசரத்தில் தண்ணீரை முதலில் ஊற்றி, "நாளைக்குப் பார்ப்போம்" என்று மூடிவைத்தோம். காலையில் மணலெல்லாம் செங்கல் நிறம். காந்தத்தில் முந்தியதில் பாதித் தூள்கூட ஒட்டவில்லை. இரும்பு நீரோடும் வளியிலுள்ள ஒட்சிசனோடும் தாக்கமடைந்து துருவாகியிருந்தது. உப்பு அதை விரைவாக்கிவிட்டது. மகன் அந்தத் துருவைக் காந்தத்தால் இழுக்கப் பார்த்தான், வடிகட்டப் பார்த்தான், இரும்பு திரும்பி வரவில்லை. "அப்ப இதுதான் சேர்வையா?" என்று அவனாகவே கேட்டான்.

படி 2: கரைத்தல். மிஞ்சியதில் அரைத் தேநீர்க்கோப்பை தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். அறை வெப்பநிலையில் 100 மில்லிலீற்றர் நீரில் சுமார் 36 கிராம் உப்புக் கரையும், ஆகவே இது தாராளம். கூட விட்டால் அடுப்படியில் நிற்கப்போவது நீங்கள்தான்.

படி 3: வடித்தல். நாலாக மடித்த பழைய வேட்டித்துணி. டிஷ்யூ கிழியும், தேத்தண்ணி வடி மணலை விட்டுவிடும்.

படி 4: வற்றவைத்தல். மெல்லிய நெருப்பு, பக்கத்தில் பெரியவர் ஒருவர். அடியில் கொஞ்ச ஈரம் இருக்கும்போதே அடுப்பை அணையுங்கள், இல்லாவிட்டால் உப்பு படபடவென்று தெறிக்கும். பட்டறைத்தூள் கலந்த உப்பு, ருசி பார்க்கக் கூடாது.

வெள்ளையாகப் படிந்த உப்பை மகனிடம் காட்டினேன். கரைசல் தெளிவாக இருந்தாலும் ஏகவினக் (எங்கும் ஒரே சீரான) கலவைதான். கரைந்த உப்பு உப்பாகவே திரும்பி வந்துவிட்டதே. அந்த உப்போ சேர்வை. எங்கே எடுத்தாலும் நிறைப்படி சோடியம் 39.3 வீதம், குளோரீன் 60.7 வீதம். கலவையில் அப்படிக் கணக்கில்லை, நாங்கள் கரண்டியால் அள்ளியதுதான் விகிதம். உப்பிலிருந்து சோடியத்தைக் காந்தத்தாலோ துணியாலோ பிரிக்க முடியாது. ஆங்கிலேய இரசாயனவியலாளர் ஹம்பிரி டேவி 1807இல் உருகிய எரிசோடாவுக்கு (சோடியம் ஐதரொட்சைட்டு) மின்னோட்டம் கொடுத்துத்தான் அந்த உலோகத்தையே முதலில் பிரித்தெடுத்தார்.

பின்சேர்க்கை: மொட்டைமாடியில் வைத்த கரைசல் மூன்று நாளாகியும் காயவில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கொழும்பின் ஈரக்காற்று ஒரு காரணம். கல்லுப்பு என்றால் அதிலுள்ள மகனீசியம் குளோரைட்டும் ஈரத்தை இழுக்கும். தூளுப்புப் பாவித்து அடுப்பில் வற்றவைத்து, ஆறியதும் போத்தலில் அடையுங்கள். மணலை மட்டும் சிங்கில் ஊற்றாதீர்கள். எங்கள் வீட்டில் குழாய் அடைத்து, அதைத் திறக்க வந்தவருக்குக் கொடுத்த காசில் நல்ல காந்தமே வாங்கியிருக்கலாம்.