உடைந்த பிளாஸ்டிக் துண்டே பசை

ரிமோட்டில் ஓடும் பொம்மை ராணுவ டேங்கில் வேறொரு டேங்கின் டரட்டையோ (பீரங்கி உள்ள சுழலும் மேல்பகுதி) மட்கார்டையோ பொருத்தும்போது சூப்பர் குளூவைத் தேடாதீர்கள். மிஞ்சிய ஏபிஎஸ் என்ற கெட்டி பிளாஸ்டிக் துண்டுகளைப் பொடியாக நறுக்கி, கண்ணாடிக் குப்பியில் அசிட்டோன் என்ற கரைப்பானை ஊற்றி ஒரு ராத்திரி மூடி வையுங்கள். நம்ம மார்த்தாண்டம் தேன் பதத்துக்கு வந்தால் சரி, குச்சியால் தொட்டு இரண்டு பக்கமும் தடவி அழுத்திப் பிடியுங்கள்.

அசிட்டோன் இரு பரப்பையும் இளக்கி ஒன்றாக்குகிறது. இடைவெளியை அதே பிளாஸ்டிக் நிரப்புகிறது. சூப்பர் குளூ கண்ணாடிபோல் இறுகுவதால், செயின் ஓடும் அதிர்வில் விரிசல் விடும். இந்தப் பசை எளிதில் விரிசல் விடாது. அசிட்டோனை நாகர்கோவில் பெயின்ட் கடைகளில் கேட்டுப் பாருங்கள், சின்ன பாட்டில் போதும்.

நைலான் பல்சக்கரம், ரப்பர், உலோகம், பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் 3டி பிரின்டரில் அச்சடித்த பாகம் எதிலும் இது பிடிக்காது. கியர்பாக்ஸைத் தாங்கும் இடத்துக்கும் வேண்டாம், அங்கே 3 மி.மீ. போல்ட்தான். சாதாரணமாக ஒரு நாள் காயவிட்டால் போதும். நமக்கோ ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. அப்போது இரண்டு நாள் விடுங்கள். அப்புறம், அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்படியில் வைத்துச் செய்யவே கூடாது.