ஸ்னோமொபைலை நன்கொடையாகக் கொடுக்கிறீர்களா? அது கார் இல்லை

அமெரிக்காவில் மினசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன் மாநிலங்கள் பக்கம் பல வீட்டு கராஜ்களில் இதைப் பார்க்கலாம்: ஓரமாக ஒரு ட்ரெய்லர், அதன்மேல் உறை போர்த்திய ஸ்னோமொபைல், அதாவது பனியில் ஓட்டும் வண்டி. கடைசியாக எப்போது ஓட்டியது என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு வருஷம் சொல்வார்கள். விற்க அலுப்பு, வைத்திருக்க இடமில்லை. சரி, ஏதாவது தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்துவிடலாம், வரியிலும் கொஞ்சம் குறையும் என்று தோன்றும். நல்ல எண்ணம்தான். ஆனால் முன்பு பழைய காரைக் கொடுத்த மாதிரியே இதையும் கொடுத்துவிடலாம் என்று இறங்குவதில்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன.

காரைக் கொடுத்து 500 டாலருக்கு மேல் வரிக் கழிவு (வரி போடும் வருமானத்திலிருந்து குறைக்கும் தொகை) கேட்டால், நிறுவனம் 1098-சி என்ற படிவம் தரும். அவர்கள் அதை விற்ற விலைதான் பெரும்பாலும் உங்கள் கழிவு. கணக்கு அதோடு முடிந்தது. ஆனால் அந்த விதி பொதுச் சாலையில் ஓடுவதற்கென்று செய்த மோட்டார் வாகனங்கள், படகுகள், விமானங்களுக்கு மட்டும். பனியில் ஓடச் செய்த ஸ்னோமொபைல் அதில் வராது. ஆகவே 1098-சி வரும் என்று மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் வீணாகக் காத்திருக்கிறார்கள். இங்கே சந்தை மதிப்பை நீங்களே கணக்கிட வேண்டும், நிரூபிக்கும் பொறுப்பும் உங்களுடையதே. பணமல்லாத நன்கொடைகளுக்கு நீங்கள் கேட்கும் கழிவு மொத்தம் 500 டாலரைத் தாண்டினால் 8283 படிவத்தை வரிக்கணக்கோடு இணைக்க வேண்டும். 5,000 டாலரைத் தாண்டினால் தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் அறிக்கை தேவை. அந்த மதிப்பீடு, கொடுக்கும் நாளுக்கு 60 நாளுக்கு மேல் முந்தியதாக இருக்கக்கூடாது.

இதில் பலர் கவனிக்காத ஓர் இடம் உண்டு. கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று என இரண்டு வண்டி வைத்திருக்கும் வீடுகள் ஏராளம். ஒவ்வொன்றும் 3,000 டாலர்தானே, மதிப்பீடு எதற்கு என்று நினைப்பார்கள். ஒரே வகைப் பொருள்களை ஒரே வருஷத்தில் கொடுத்தால் அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் சேர்த்துத்தான் பார்க்கும், வேறு வேறு நிறுவனங்களுக்குக் கொடுத்திருந்தாலும். மொத்தம் 6,000. மதிப்பீடு வேண்டும்.

மதிப்பை எப்படிப் போடுவது? கெல்லி புளூ புக், ஜே.டி. பவர் என்ற விலை வழிகாட்டிகள் இரண்டிலும் ஸ்னோமொபைல் விலைகள் உண்டு. அங்கே இருக்கும் விலை ஒழுங்காக ஓடும் வண்டிக்கானது. மூன்று வருஷம் ஸ்டார்ட் ஆகாமல் கிடந்து, கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பிசினாகப் படிந்து, காற்றுப்பெட்டிக்குள் எலி கூடு கட்டிய வண்டிக்கு அதே விலையைப் போடக்கூடாது. கொடுப்பதற்கு முன் மைல் கணக்கு, டிராக்கின் (வண்டிக்கு அடியில் சுழலும் ரப்பர் பட்டையின்) தேய்மானம், கிழிந்த சீட் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். நிறுவனம் தரும் ஒப்புகைக் கடிதத்தில் விலை இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். என்ன பொருள், பதிலுக்கு உங்களுக்கு ஏதாவது கொடுத்தார்களா என்பதுதான் அதில் இருக்க வேண்டும். 250 டாலர் அல்லது அதற்கு மேல் என்றால், வரிக்கணக்கு தாக்கல் செய்யும் முன் அந்தக் கடிதம் கையில் இருக்க வேண்டும்.

இத்தனையும் செய்து, கடைசியில், செலவுகளைத் தனித்தனியாகக் காட்டாமல் அரசு வைத்த நிலையான தொகையைக் கழித்துக்கொள்ளும் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் எடுப்பவராக இருந்தால் இந்த வண்டியால் வரியில் ஒரு டாலர்கூடக் குறையாது. 2025-க்கு அது தனிநபருக்கு 15,750, தம்பதியாகத் தாக்கல் செய்தால் 31,500 டாலர். பெரும்பாலான குடும்பங்கள் இதற்குள் அடங்கிவிடும். 2026 முதல் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் எடுப்பவர்களும் தனிநபர் 1,000, தம்பதி 2,000 டாலர் வரை நன்கொடைக் கழிவு பெறலாம், ஆனால் பணமாகக் கொடுத்தால்தான். என்னைக் கேட்டால், ஆயிரம் ஆயிரத்தைந்நூறு பெறும் வண்டியை விற்று, அந்தப் பணத்தைச் செக்காகக் கொடுப்பதே மேல். நிறுவனத்துக்கும் முழுத்தொகை போகும். நடுவில் வண்டியை இழுத்துச் சென்று ஏலம் விடும் கம்பெனி தன் பங்கை எடுத்துக்கொள்ளாது.

அப்புறம், யாருக்குக் கொடுக்கிறோம் என்பது. உள்ளூர் ஸ்னோமொபைல் கிளப் பாதைகளைப் பராமரிக்கிறது, அவர்களுக்கே கொடுக்கலாம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் பல கிளப்புகள் வரிச் சட்டப்படி சமூகக் கிளப்புகள், நன்கொடைக்குக் கழிவு கிடைக்கும் 501(சி)(3) தொண்டு நிறுவனங்கள் அல்ல. தாராளமாகக் கொடுங்கள், ஆனால் கழிவு கேட்க முடியாது. ஐஆர்எஸ் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

காகிதங்களில் நடக்கும் குழப்பம் வேறு ரகம். வண்டியும் ட்ரெய்லரும் ஒட்டிப் பிறந்தவை போலத் தெரிந்தாலும் சட்டத்துக்கு இரண்டும் தனித்தனி. மினசோட்டாவில் ஸ்னோமொபைல் பதிவு இயற்கைவளத் துறையிடம், ட்ரெய்லர் பதிவு வாகனத் துறையிடம். அங்கே ஸ்னோமொபைலுக்கு டைட்டில் (உரிமைப் பத்திரம்) கிடையாது, பென்சில்வேனியாவில் உண்டு. ஒன்றை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டு மற்றதை மறந்தால், யாரோ ஓட்டும் ட்ரெய்லர் உங்கள் பெயரில் ஊர் சுற்றிக்கொண்டிருக்கும். வண்டியின் எண் டிராக்குக்கு மேலுள்ள உலோகக் கூட்டின் வலது பக்கம் பொறித்திருக்கும். பதிவுக் காகிதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடன் பாக்கி இருந்தால் அதை அடைக்காமல் பேச்சையே தொடங்க வேண்டாம்.

ட்ரெய்லரை யாரும் சரியாகப் பார்ப்பதில்லை. டயரில் ரப்பர் தடிமனாக இருக்கும், பக்கவாட்டில் வெடித்திருக்கும். டயரின் பக்கவாட்டில் பொறித்த டாட் (DOT) எண்ணில் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருஷமும்: 2314 என்றால் 2014-இன் 23-ஆவது வாரம். அப்படிப்பட்ட டயரோடு நெடுஞ்சாலையில் இழுத்துப் போகச் சொல்வது நன்கொடை இல்லை, வம்பு. பின்விளக்கு எரிகிறதா, சக்கர பேரிங் சத்தம் போடுகிறதா என்று பாருங்கள்.

நேரமும் முக்கியம். ஏப்ரலில் கராஜைச் சுத்தம் செய்யும்போது கொடுத்தால், யாரும் வாங்காத பருவத்தில் நிறுவனத்தின் தலையில் கட்டுகிறீர்கள். மினசோட்டாவில் நார்த் பிராஞ்ச் ஊரில் நடக்கும் ஹே டேஸ் என்ற ஸ்னோமொபைல் திருவிழா செப்டம்பரில்தான். வாங்குபவர்களுக்கு ஆசை பிறப்பது அப்போதுதான். அதற்காக டிசம்பர் கடைசி வாரம் வரை இழுக்கவும் வேண்டாம். இணையத்தில் படிவம் நிரப்பிய நாள் கணக்கில் வராது. வண்டி கைமாறிய நாள்தான் வரும். அவர்கள் ஜனவரி 3 வந்து எடுத்துப் போனால் கழிவு அடுத்த வருஷத்துக்கு.

எடுத்துப் போகும் நாளில் அவசரப்பட்டு இன்ஷூரன்ஸை முதலில் ரத்து செய்யாதீர்கள். பதிவு கைமாறியதற்கான ரசீது வந்தபின் செய்யுங்கள். முன்மூடியைத் திறந்து பார்த்தால் மாற்று பெல்ட் ஒன்று செருகியிருக்கும். அதையும் சாவியோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள், உங்களுக்கு இனி எதற்கு?