அச்சு வெளிறினால் மையைக் கூட்டாதீர்கள்: பதிப்போவியத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பலகையிலோ தகட்டிலோ படத்தை உருவாக்கி, மை பூசித் தாளில் பிரதி எடுப்பதுதான் பதிப்போவியம். லினோ என்னும் மெத்தென்ற விரிப்பிலோ மரப்பலகையிலோ செதுக்கி, செதுக்காமல் விட்ட மேட்டில் மை பூசி முதல் பிரதி எடுக்கிறோம். படம் அங்கங்கே வெளிறி, திட்டுத்திட்டாக விழுகிறது. உடனே கை போவது மை டப்பாவுக்குத்தான். பதிப்போவியம் பழகுகிறவர்கள் செய்யும் தவறுகளில் இதை முதலில் வைப்பேன். மை போதாமல் வெளிறுவதும் உண்டு. ஆனால் அழுத்தம் ஒரே சீராக இல்லையா, தாள் சரியில்லையா, பலகை மட்டமாக இல்லையா என்று பார்த்துவிட்டுத்தான் மையைத் தொட வேண்டும்.

மை சரியான அளவில் இருக்கிறதா என்பதைக் காதே சொல்லிவிடும். கண்ணாடிப் பலகையில் மெல்லிய படலமாகப் பரப்பி ரோலரை உருட்டும்போது ‘ஸ்ஸ்’ என்று சன்னமான ஓசை வந்தால் சரி. சளக் சளக்கென்று ஒட்டி இழுத்தாலோ, மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடுபள்ளமாகத் தெரிந்தாலோ மை அதிகம். அந்த மை நுண்ணிய கோடுகளின் பள்ளத்துக்குள் இறங்கி அடைத்துக்கொண்டால், துடைத்துச் சுத்தம் செய்யும்வரை வரும் பிரதிகளெல்லாம் கெடும். மெல்லிய பூச்சாக, திசை மாற்றி மாற்றி நாலைந்து முறை உருட்டுங்கள். கையால் தேய்த்து அச்செடுக்கிறீர்கள் என்றால், தாளின் ஒரு பாதியை நகராமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபாதியை மெல்லத் தூக்கிப் பாருங்கள். வெளிறிய இடம் தெரியும். தாளை அப்படியே படியவிட்டு, அந்த இடத்தை மட்டும் கரண்டியின் முதுகால் இன்னும் கொஞ்சம் தேய்த்தால் பல சமயம் சரியாகிவிடும்.

அச்சில் படம் இடவலம் மாறி விழும் என்பதைச் செதுக்கும்போது மறப்பது அடுத்தது. எழுத்து இருந்தால் உடனே கண்ணில் படும். முகமோ கையோ என்றால் அச்செடுத்த பிறகுதான் உறைக்கும். டிரேசிங் தாளில் வரைந்து, திருப்பிப் போட்டுப் பலகைக்கு மாற்றினால் இந்தத் தொல்லை இல்லை. இதைவிட மோசமானது கோட்டின் அடியைக் குடைந்துவிடுவது. உளியைக் கோட்டின் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் கோடு மேலே அகலமாகவும் அடியில் ஒல்லியாகவும் நிற்கும். இரண்டு மூன்று பிரதிகளில் முறிந்துவிடும். இருபக்கமும் அடிநோக்கி அகன்று சரிய வேண்டும். மொண்ணை உளியோடு போராடவும் வேண்டாம். அதற்குக் கூடுதல் பலம் கொடுக்க வேண்டியிருக்கும், அதனாலேயே வழுக்கும். பலகையைப் பிடிக்கும் கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்கட்டும். லினோ இறுகியிருந்தால் லேசாகச் சூடுகாட்டினால் இளகும்.

உலோகத் தகட்டில் (பிளேட்) அமிலத்தால் கோடுகளை அரித்து அச்செடுக்கும் எட்சிங்கில் எல்லாமே தலைகீழ். மை பள்ளத்தில் நிற்கும், மேற்பரப்பைத் துடைத்துவிடுவோம். தாள் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கித்தான் மையை எடுக்க வேண்டும். காய்ந்த கெட்டித் தாள் இறங்காது. கோடுகள் விட்டுவிட்டு விழுவதைப் பார்த்து இங்கேயும் மையைத்தான் கூட்டுகிறார்கள். தாளை நீரில் ஊறவைத்து, ஒற்றுத்தாள்களுக்கு நடுவே வைத்து அழுத்துங்கள். மேலே நீரின் மினுமினுப்பு அடங்கியதும் அச்சுக்குத் தயார். துடைப்பதிலும் நிதானம் வேண்டும். மெத்தென்ற துணியால் அழுத்தித் துடைத்தால் கோட்டுக்குள் இருக்கும் மையையும் அது உறிஞ்சிவிடும். விறைப்பான வலைத்துணியை மடித்து, தட்டையாகப் பிடித்து, வட்டமாகத் துடையுங்கள். பிளேட்டின் விளிம்புகளை அரத்தால் சரிவாக ராவாமல் அச்சுப்பொறியில் விட்டால் தாளும் கிழியும், மேலிருக்கும் கம்பளமும் வெட்டுப்படும்.

அமிலத்தில் மட்டும் அலட்சியம் கூடவே கூடாது. அமிலத்தைத்தான் தண்ணீரில் சேர்க்க வேண்டும், தண்ணீரை அமிலத்தில் அல்ல. நைட்ரிக் அமிலம் உலோகத்தை அரிக்கும்போது நச்சுப்புகை எழும். தாமிரத்துக்கு ஃபெரிக் குளோரைடு போதும். ஆனால் அதே கரைசலில் அலுமினியத்தைப் போட்டால் வேகமாகச் சூடேறி வாயு கிளம்பும்.

அமிலமில்லாமல் ஊசியாலேயே கீறும் டிரைபாயிண்டில், கோட்டோரம் எழும் உலோகப் பிசிறை அழுக்கென்று சுரண்டிவிடாதீர்கள். அந்த முறையின் கருமையான, மென்மையான கோடு அதிலிருந்துதான் வருகிறது. அழுத்த அழுத்தப் பிசிறு தேய்ந்துவிடும் என்பதால் பிரதிகளும் குறைவாகவே கிடைக்கும். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1653-இல் செய்த ‘மூன்று சிலுவைகள்’ பெரும்பாலும் டிரைபாயிண்ட்தான். பின்னாளில் அதே பிளேட்டைச் சுரண்டி, பல உருவங்களை மாற்றி, வேறொரு இருண்ட படமாகவே ஆக்கினார். நீங்களும் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

கல்லில் எண்ணெய்ப்பசையால் வரைந்து அச்செடுக்கும் கல்லச்சில் வெறும் கை கல்லில் படக்கூடாது, விரலின் எண்ணெய்ப்பசையும் படமாகிவிடும். வலை வழியாக மையைத் தாளில் இறக்கும் ஸ்கிரீன் பிரிண்டில் வலைக்கும் தாளுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் ஓரங்கள் கசியும்.

ஒரே லினோவைப் படிப்படியாகச் செதுக்கிப் பல நிறம் அச்சிடுவது பலருக்கும் ஆசை. பிக்காசோவும் 1950-களின் கடைசியில் இதில் இறங்கினார். அடுத்த நிறத்துக்காகச் செதுக்கிவிட்டால் முந்தைய நிறத்தை மறுபடி அச்சிட முடியாது. இருபது பிரதி வேண்டுமென்றால் முதல் நிறத்தையே இருபத்தைந்து தாளில் அடியுங்கள். நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் சில வீணாகும். ஜப்பானிய மர அச்சுக்காரர்கள் தாளை ஒரே இடத்தில் வைக்கப் பலகையிலேயே இரண்டு அடையாளக் குழிகள் செதுக்குவார்கள். லினோவுக்கும் அதைச் செய்யலாம்.

முடித்த பிறகு படத்துக்குக் கீழே பென்சிலில் இடப்பக்கம் 3/20 (இருபதில் மூன்றாவது பிரதி) என்று எண்ணும், வலப்பக்கம் கையெழுத்தும் இடுங்கள். இருபது என்று எழுதிவிட்டு, கேட்கிறார்களே என்று அப்புறம் இருபத்தோராவதை அடிப்பது வாங்கியவர்களை ஏமாற்றுவது. இதற்காகவே சிலர் கடைசிப் பிரதி முடிந்ததும் பிளேட்டின் குறுக்கே ஒரு கோடு கிழித்துவிடுகிறார்கள்.